மந்த நேரத்தில் மளிகைக் கடை போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது திருப்பூரில் பின்னலாடை ஆர்டர் குறைந்தது. அங்கே ஆர்டர் குறையும்போதெல்லாம் நம் காவிரி டெல்டாப் பக்கத்துப் பிள்ளைகள் ஊருக்கு வந்துவிடுவார்கள். வந்த மறுவாரமே வீட்டில் ஒரு பேச்சு எழும்: ‘ரோட்டோரமா ஒரு மளிகைக் கடை போட்டா என்ன?’ இருக்கிற நகையை வைத்து, கொஞ்சம் வட்டிக்கு வாங்கி, ஒரு நல்ல நாளில் ரிப்பனும் வெட்டிவிடுவார்கள். அந்தப் பேச்சுக்கும் ரிப்பனுக்கும் நடுவே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மந்த நேரத்தில் கடை போடவே கூடாது என்பது எங்கள் கருத்தல்ல. ஆனால் ‘தினம் எவ்வளவுக்கு விற்றால் வீடு நடக்கும்’ என்ற ஒரு எண்ணைத் தாளில் எழுதிப் பார்க்காதவர் கடை போடக் கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

நீடாமங்கலம், வலங்கைமான், பாபநாசம் போன்ற ஊர்களை ஒட்டிய ஒரு சாலையோரக் கிராமத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 4,000 ரூபாய். மின்சாரம் 1,500. சரக்கு ஏற்றிவரும் வண்டிச் செலவு 2,500. எலி, வண்டு, உடைசல், காலாவதி, எடையில் கைதவறுதல் எல்லாம் சேர்த்து 1,500. தாள், பை, இணையம், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டியின் வாடகை 800. வங்கியில் 2 லட்சம் கடன் வாங்கி, 11 விழுக்காடு வட்டியில் 36 மாதத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 6,550. ஆகக் கடைக்கு மட்டும் 16,850 ரூபாய். குடும்பம் நடத்தக் குறைந்தது 15,000 எடுக்க வேண்டும். மொத்தம் 31,850.

பலசரக்கில் சராசரி லாபம் விற்பனையில் 10 விழுக்காடு நின்றாலே பெரிய காரியம். அப்படியானால் மாதம் 3,18,500 ரூபாய்க்கு, அதாவது ஒரு நாள் விடாமல் தினம் 10,600 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். இதே கணக்கைக் கடன் இல்லாமல் போட்டால் தினம் 8,430 போதும். கடன் தவணை என்ற ஒற்றை வரிக்காக மட்டும் தினமும் 2,180 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டியிருக்கிறது. கடன் வாங்குகிறவர்கள் வட்டி விகிதத்தைத்தான் பேரம் பேசுகிறார்கள். இந்த 2,180 யார் கண்ணிலும் படுவதில்லை.

இனி மந்தத்தின் வேலையைப் பாருங்கள். விற்பனை 15 விழுக்காடு குறைந்து தினம் 9,000 ஆகிறது. லாபம் 27,000. கடைச் செலவு ஒரு ரூபாய் குறையாது, அதே 16,850. மிச்சம் 10,150. விற்பனை ஏழில் ஒரு பங்கு குறைந்தால் வீட்டுக்கு வரும் பணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. கையில் காசு குறையும்போது ஜனங்கள் சோப்பையும் பிஸ்கட்டையும் விட்டுவிட்டு எண்ணெய், சீனி, பருப்பை மட்டும் வாங்குவார்கள். சீனியிலும் எண்ணெயிலும் நிற்பது நூற்றுக்கு இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு. நல்ல காலத்தில் 10 விழுக்காடாக இருந்த சராசரி 8 ஆகிவிட்டால், அதே 31,850-ஐ எடுக்கத் தினம் 13,270 ரூபாய்க்கு விற்க வேண்டும். கூட்டம் இருக்கிறது, கல்லாவில் பணமும் புரள்கிறது, மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று கடைக்காரர்கள் சொல்வது புலம்பல் அல்ல, இந்தக் கணக்குதான்.

லாப விகிதத்தைச் சொல்லும்போது பலர் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். 90 ரூபாய்க்கு வாங்கி 100-க்கு விற்றால் வாங்கிய விலையில் 11 விழுக்காடு. விற்ற விலையில் 10. கடைக்குச் சரக்குப் போடும் ஏஜென்சிக்காரர் பேசுவது முதல் கணக்கு. வாடகை கட்டுவது இரண்டாவது கணக்கில்.

சரி, தினம் 10,600 என்றால் எத்தனை பேர்? ஒரு பில் சராசரி 45 ரூபாய் என்றால் 236 பேர். இதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, நின்று எண்ணத்தான் வேண்டும். கடை போட நினைக்கும் இடத்துக்கு எதிரே மூன்று நாள் நில்லுங்கள்: ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிறு, பக்கத்து ஊரில் சந்தை கூடும் நாள். காலை 6 முதல் 9 வரையும் மாலை 5 முதல் 9 வரையும் ஏற்கெனவே இருக்கும் கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள், கையில் என்ன கொண்டுபோகிறார்கள் என்று குறியுங்கள். சந்தை நாளில் அந்தக் கடை காலியாகக் கிடந்தால், அந்த ஊர் வாரச் சரக்கை வெளியே வாங்குகிறது. உங்களிடம் தீப்பெட்டியும் ஷாம்பு பாக்கெட்டும்தான் வாங்கும். மகளிர் குழுக்கடன் வசூல் எந்தக் கிழமை என்பதையும் விசாரியுங்கள். அன்று அந்தத் தெருவில் பத்து ரூபாய் புரளாது. இருக்கிற கடையின் கூட்டத்தில் பாதி நமக்கு வரும் என்று போடும் கணக்கை உடனே கிழித்துப் போடலாம். முதல் ஆறு மாதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வந்தால் அதிர்ஷ்டம். அதிலும் அங்கே பற்று பாக்கி வைத்துவிட்டு இங்கே வருகிறவர்களே முதலில் வருவார்கள்.

மற்ற மாவட்டத்துக் கணக்கு இங்கே செல்லாது என்பதற்குக் காரணம் ஆற்றுத் தண்ணீர். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. 2023-ல் ஜூன் 12-லேயே திறந்தார்கள். நீர் இல்லாமல் அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். 2024-ல் திறந்ததே ஜூலை 28-ல்தான். 2025-ல் மறுபடியும் ஜூன் 12. இந்தத் தேதி தள்ளினால் குறுவை நெல் சாகுபடி தள்ளும், குறுவை தள்ளினால் தீபாவளிக்கு முன் வர வேண்டிய பணம் தள்ளும். வேதாரண்யம், தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக் (பாசன வாய்க்காலின் கடைசி முனை) கிராமங்களில் தண்ணீரும் பணமும் இன்னும் சில வாரம் தாமதமாகத்தான் வந்து சேரும். கடைமடையில் கடை போடுகிறவர் அந்த வாரங்களுக்கும் கையில் பணம் வைத்திருக்க வேண்டும்.

பணம் வரும் மாதங்கள் தெளிவானவை. செப்டம்பர் கடைசி முதல் தீபாவளி வரை குறுவை. பிப்ரவரி, மார்ச்சில் சம்பா, தாளடி நெல். மார்ச், ஏப்ரலில் உளுந்து, பயறு. ஆனால் நெல்லை அறுத்த அன்றே பணம் வந்துவிடாது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழையில் அறுப்பு நடந்தால் நெல் சாலையோரம் காயும், சாக்குக்குக் காத்திருக்கும், பிறகு பணம் வங்கிக் கணக்குக்கு வரும். இத்தனை நாளும் உங்கள் பற்று நோட்டுதான் அந்த வீட்டுக்குச் சோறு போடும்.

இன்னொன்றை வெளியூர்க்காரர்கள் கவனிப்பதில்லை. அறுப்பு இயந்திரம் வந்த பிறகு அறுவடைக் காலம் நில உடைமைக்காரருக்குத்தான் பணக் காலம், கூலிக்காரருக்கு அல்ல. கூலி வீடுகளுக்கு நடவு, களை, கட்டட வேலை, அரசின் ஊரக வேலைத் திட்டம், இவைதான். அதில் அரசுத் திட்டக் கூலி சில சமயம் வாரக்கணக்கில் நிலுவையில் நிற்கும். எனவே உங்கள் தெருவில் இருப்பது எந்த வகை வீடுகள் என்று பார்த்துத்தான் எந்த மாதம் கல்லா நிறையும் என்று சொல்ல முடியும். நடவுக்கு வடமாநிலக் குழுக்கள் வந்து தங்கும் ஊர்களில் சில வாரங்களுக்குக் கடுகு எண்ணெய், கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, வெங்காயம் நன்றாகப் போகும். அவர்கள் கிளம்பும் தேதியை மேஸ்திரியிடம் கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கடுகு எண்ணெய் அடுத்த வருடம் வரை அலமாரியில் இருக்கும்.

மோசமான மாதங்கள் மே, ஜூன். வாய்க்கால் வறண்டு, வயல் வேலை நின்று, கல்யாணமும் திருவிழாவும் முடித்து, பள்ளிக் கட்டணமும் கட்டி வீடுகள் காலியாக இருக்கும். அடுத்து நவம்பர், டிசம்பர் மழை. தை மாதத்தில் கடை திறக்கும் வழக்கத்தில் நல்ல நாள் பார்ப்பதோடு பணவரத்தும் ஒத்துப்போகிறது: திறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே சம்பா பணம் ஊருக்குள் வரத் தொடங்கும். சித்திரைக் கடைசியில் திறப்பவர் முதல் மூன்று மாதத்தைக் கைப்பணத்தில்தான் கழிக்க வேண்டும்.

என்ன சரக்கு வைப்பது? அரிசி மூட்டையை முன்னால் அடுக்கினால் கடை நிறைவாகத் தெரியும் என்று நினைப்பவர்கள் அதிகம். டெல்டாவில் அரிசி கடைசியாக வைக்க வேண்டிய சரக்கு. குடும்ப அட்டைக்கு ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நிலம் உள்ள வீட்டில் சொந்த நெல். ஆகவே இட்லி அரிசியும் கொஞ்சம் பொன்னியும் போதும், அதுவும் ஒரு மூட்டைக்கு மேல் வேண்டாம். ரேஷன் கடையில் பருப்பும் பாமாயிலும் எந்த வாரம் போடுகிறார்கள் என்று பார்த்து, அந்த வாரம் இரண்டையும் குறைத்து வாங்குங்கள். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாத நடுவில் வரும் பணம். அதை ஒட்டிய நான்கைந்து நாளில் டீத்தூள், சோப்பு, பிள்ளைகளின் தின்பண்டம் கூடுதலாகப் போகும்.

முதல் சரக்குக்கு ஒன்றரை லட்சம் வைத்திருந்தால் 90,000-க்கு மட்டும் வாங்குங்கள். மீதி 60,000 இரண்டாவது வாரம் தேவைப்படும், ஏனென்றால் எது ஓடுகிறது என்று அப்போதுதான் தெரியும். முதல் நாளே முழுப் பணத்தையும் அடுக்கிவிட்டவர், ஓடுகிற பத்துச் சரக்குத் தீர்ந்ததும் அதை மறுபடி வாங்கக் காசில்லாமல் ஓடாத நாற்பதைத் துடைத்துக்கொண்டிருப்பார். திருச்சி காந்தி மார்க்கெட்டிலோ கும்பகோணத்து மொத்தக் கடையிலோ மூட்டைக்கு 40 ரூபாய் குறைவு என்று போகலாம். வண்டி வாடகையையும் ஒரு நாள் கடை மூடிய நஷ்டத்தையும் மூட்டைக் கணக்கில் வகுத்த பிறகு போங்கள். ‘12 வாங்கினால் 1 இலவசம்’ என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் அது 7.7 விழுக்காடு லாபம்தான். ஆனால் பதின்மூன்றில் இரண்டு விற்காமல் காலாவதியானால் இலவசமும் போய், முதலிலும் ஒன்று போனது. 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் மீதான ஜிஎஸ்டி 5 விழுக்காடாகக் குறைந்தபோது பழைய விலைச் சரக்கை நிறைய வைத்திருந்தவர்கள் பட்ட பாடு போதும். சரக்கு மெலிதாக இருப்பதே காப்பு.

தராசு விஷயத்தில் யாரும் சொல்லாத ஒன்று. கடைகளில் இருக்கும் 30 கிலோ மின்னணுத் தராசு பெரும்பாலும் 5 கிராமுக்கு ஒரு படியாகத்தான் காட்டும். பருப்புக்கு அது சரி. 50 கிராம் மிளகுக்கு 5 கிராம் என்பது பத்தில் ஒரு பங்கு. ஏலக்காய் கிலோ 3,000 என்றால் 5 கிராம் 15 ரூபாய். மசாலாச் சரக்கைச் சில்லறையில் விற்பவர் 1 கிராம் காட்டும் சின்னத் தராசு தனியாக வைக்க வேண்டும், அல்லது அளந்து கட்டி முத்திரையிட்டு வரும் பாக்கெட்டை வாங்க வேண்டும். மின்விசிறியின் நேர்கீழே தராசை வைக்காதீர்கள், காற்றில் எண் ஆடும். முத்திரையிட்ட ஒரு கிலோ படிக்கல்லை வாரம் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். வாங்கும் மூட்டையையும் எடை போடுங்கள். சாக்கின் எடை கழித்து அரைக் கிலோ குறைந்தாலே 50 கிலோவில் அது 1 விழுக்காடு. சீனியில் உங்கள் லாபமே இரண்டோ மூன்றோதான்.

ஐப்பசி, கார்த்திகையில் ரவை, மைதா, கோதுமை மாவில் வண்டு விழும், உப்பு நீர்விடும், அப்பளம் நமத்துப்போகும். அந்த இரண்டு மாதம் மாவுச் சரக்கு பத்து நாளைக்கு மேல் இருப்பு வேண்டாம். மூட்டைகளைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, மரப்பலகை மேல் வையுங்கள். தாழ்வான தெருவென்றால் பலகை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின் நாகை, திருவாரூர், தஞ்சைக் கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. மழைக்கு முன் குளிர்பெட்டிச் சரக்கைக் குறைத்து மெழுகுவத்தி, தீப்பெட்டி, பேட்டரி, கொசுவத்தியைக் கூட்டுவதுதான் சரி. குளிர்பெட்டி மாதம் 100 முதல் 150 யூனிட் இழுக்கும். கோடையில் மூன்று மாதம் சம்பாதித்து மீதி ஒன்பது மாதம் தின்னும் சாமான் அது. முதல் வருடம் வேண்டாம் என்போம்.

இடத்தைப் பற்றி. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி போன்ற ஊர்களில் கடைத்தெருவில் பல இடங்கள் கோயில் அல்லது மடத்து அடிமனை. கட்டடம் ஒருவருடையது, மனை கோயிலுடையது. உங்களுக்கு வாடகைக்கு விடுபவரிடம் அடிமனை வாடகை கட்டிய கடைசி ரசீதைக் கேளுங்கள். உள்வாடகைக்கு விட அனுமதி உண்டா என்று கேளுங்கள். நிலுவை இருந்தால் முதலில் பூட்டு விழுவது உங்கள் சரக்கின் மேல். முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்ப வரும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலை போன்ற வேலைகள் நடக்கும் பக்கம் என்றால், புறவழிச்சாலை முடிந்த பிறகு பேருந்து எந்த வழியே போகும் என்று விசாரியுங்கள். பேருந்து நிறுத்தம் நகர்ந்தால் கடையும் நகர வேண்டும். வாடகை ஒப்பந்தம் நகராது. வீட்டின் முன்னறையிலேயே கடை என்றால் வாடகை இல்லை, நல்லது. ஆனால் வீட்டு இணைப்பில் கடையை ஓட்டாமல் வணிக இணைப்பு தனியாக வாங்கிவிடுங்கள். பின்னால் வரும் அபராதம் வாடகையை விட அதிகம்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர் என்று பிரிவுகள் உண்டு. பிணை கேட்கக் கூடாது. மாவட்டத் தொழில் மையத்தில் வேலையற்ற இளைஞர்களுக்கான மானியக் கடன் வியாபாரத்துக்கும் உண்டு. மானியம் கைக்கு வராது, கடன் கணக்கில்தான் வரவாகும், அதை நம்பி ரேக் வாங்கிவிடாதீர்கள். வட்டி விகிதத்தைச் சொன்னதும் ‘குறையும் பாக்கிக்கா, ஃப்ளாட்டா?’ என்று கேளுங்கள், அதாவது கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு வட்டியா, கடைசி வரை முழு முதலுக்கும் வட்டியா என்று. 2 லட்சம், 36 மாதம், 11 விழுக்காடு: குறையும் பாக்கிக்கு 6,550, ஃப்ளாட்டுக்கு 7,390. மூன்று வருடத்தில் வித்தியாசம் 30,000. தண்டல்காரர் 10,000 என்று சொல்லி 8,500 கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வாங்குவார். பார்வைக்கு 15 விழுக்காடு போலத் தோன்றும். முதல் நாளிலிருந்தே முதலும் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால் உண்மையில் அது மாதத்துக்கு நூற்றுக்கு பத்து ரூபாய் வட்டி. நூற்றுக்கு பத்து லாபம் நிற்கும் சரக்கை அந்தப் பணத்தில் வாங்கி அடுக்குவதில் என்ன மிஞ்சும்?

கடன் கொடுப்பதும் அப்படியே. டெல்டாவில் ‘கடன் கிடையாது’ என்று பலகை மாட்டி மளிகைக் கடை நடத்த முடியாது. அண்ணி, மச்சான், மாமா என்று கூப்பிடுகிற தெருவில் அது நடக்காது. ஆனால் அளவு வைக்கலாம். மொத்தப் பற்று ஒரு வார விற்பனையைத் தாண்டக் கூடாது. ஒரு வீட்டுக்கு 1,500-க்கு மேல் வேண்டாம். பழைய பாக்கியில் பாதி வந்தால்தான் அடுத்த சரக்கு. 500 ரூபாய்ப் பற்று வராமல் போனால் சரக்கின் முதல் 450 போனது. அதை மீட்க இன்னும் 4,500 ரூபாய்க்கு விற்க வேண்டும். நோட்டில் தேதியும் வாங்கியவர் கையெழுத்தும் இருக்கட்டும். சிறுபிள்ளையை அனுப்பி வாங்கினால் அன்று மாலையே பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது சண்டையைத் தவிர்க்கும்.

காகித வேலைகள் பெரிதல்ல, ஆனால் விட்டால் வலிக்கும். உணவுப் பொருள் விற்பவருக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறை முத்திரை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்கு ஆயிரம் ரூபாய் கேட்கும் ஆளிடம் போகாதீர்கள். சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு, அதாவது தினம் சுமார் 11,000. மேலே போட்ட கணக்கு அந்தக் கோட்டை உரசிக்கொண்டு நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். கர்நாடகத்தில் 2025 ஜூலையில் சிறு கடைக்காரர்களுக்கு யுபிஐ வரவைப் பார்த்து நோட்டீஸ் போனது. ஆகவே கடைக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி க்யூஆர் அட்டை. தங்கை கல்யாணத்துக்கு வந்த மொய்ப்பணமும் சீட்டுப் பணமும் அதில் விழக் கூடாது. 40 லட்சம் தாண்டினால், விற்பனையில் 1 விழுக்காட்டை வரியாகக் கட்டும் தொகுப்பு வரித் திட்டம் உண்டு. அந்த 1 விழுக்காட்டை வாடிக்கையாளரிடம் வாங்க முடியாது, உங்கள் பத்தில் ஒன்று போகும். குட்கா ஒரு பாக்கெட் இருந்தாலும் கடைக்குச் சீல். பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் சிகரெட்டும் கூடாது.

மந்தத்தால் வரும் நன்மையையும் சொல்ல வேண்டும். மூடிய கடைகளின் இரும்பு ரேக், மேசை, தராசு பாதி விலைக்குக் கிடைக்கும். கட்டடக்காரர் முன்பணத்தைக் குறைப்பார், வெள்ளையடிக்கும் மாதத்துக்கு வாடகை வேண்டாம் என்பார். ஏஜென்சிகள் புதிய கடைக்கும் ஒரு வாரத் தவணை கொடுப்பார்கள். ஆனால் அந்த ரேக் ஏன் விற்பனைக்கு வந்தது என்பதை அதை விற்பவரிடமே உட்கார்ந்து கேளுங்கள். ஒரு டீ வாங்கிக்கொடுத்தால் எல்லாம் சொல்வார்.

மளிகை மட்டும் என்றால் கை கடிக்கும். பக்கத்தில் இட்லி மாவு போன்று நாமே செய்து விற்பது ஒன்று வேண்டும். 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ உளுந்து சேர்த்து அரைத்தால் 11 கிலோ மாவு வரும். அரிசி 45, உளுந்து 130, உப்பும் மின்சாரமும் 20 என்றால் அடக்கம் 330, கிலோ 30 ரூபாய். 45-க்கு விற்றால் மூன்றில் ஒரு பங்கு லாபம். பலசரக்கில் மூன்று கிலோ சீனி விற்றாலும் அந்த 15 ரூபாய் வராது. கெடுவது எங்கே என்றால் சித்திரை வெயிலில். இரவு அரைத்தது ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும், மாலையில் புளிப்பு ஏறிவிடும். 11 கிலோவில் 4 கிலோ விற்காவிட்டால் லாபம் முழுதும் போய்விடும். அதனால் கோடையில் காலையில் பாதி, மதியம் பாதி என்று அரைக்க வேண்டும். உளுந்தைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து அதே நீர் விட்டு அரைத்தால் மாவு சூடேறாது.  

கடைசியாக, திறக்கும் முன்பே போட வேண்டிய மூடும் கணக்கு. முன்பணம் 40,000, ரேக்கும் மேசையும் 35,000, தராசு 6,000, பழைய குளிர்பெட்டி வாங்கியே தீருவேன் என்பவருக்கு 18,000, வயரிங், போர்டு, பெயின்ட் 20,000, சரக்கு 1,50,000, கையிருப்பு 80,000. மொத்தம் 3,49,000. சரக்கு நிறைந்திருக்கும்போது மூடினால் முன்பணம் 40,000, ரேக் 17,000, குளிர்பெட்டி 10,000, தராசு 3,000, சரக்கை இன்னொரு கடைக்காரர் எண்பது விழுக்காட்டுக்கு எடுத்தால் 1,20,000. ஆக 1,90,000 திரும்பும். கையிருப்பைத் தவிர்த்துப் பார்த்தால் நஷ்டம் 79,000. இது தாங்கக்கூடியது. தாங்க முடியாதது, அடுத்த மாதம் சரியாகும் என்று சரக்கை விற்று வாடகையும் தவணையும் கட்டி, ரேக் காலியான பிறகு மூடுவது. எனவே தேவையான தின விற்பனையில் பத்தில் ஏழு பங்கை, ஒரு பணக் காலமும் ஒரு வறட்சிக் காலமும் கடந்த ஆறாவது மாதத்திலும் எட்டவில்லை என்றால் மூடுவது என்று தேதியோடு எழுதி, வீட்டில் கையெழுத்துப் போட வேறொருவரையும் சேர்த்து வையுங்கள். கடை போட்டவர் மட்டும் அந்த முடிவை எடுக்க மாட்டார். போர்டில் அவர் பிள்ளையின் பெயர் இருக்கும்.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். தங்கம், வெள்ளி விலையைத் தினமும் போடுகிறீர்கள். வாரத்துக்கு ஒருநாள் திருச்சி காந்தி மார்க்கெட், கும்பகோணம் மொத்த விலையில் சீனி, எண்ணெய், துவரை, உளுந்து, மிளகாய் இந்த ஐந்தை மட்டும் டெல்டா பதிப்பில் போட்டால், கிராமத்துச் சிறு கடைக்காரர் ஏஜென்சியிடம் பேரம் பேச ஒரு துண்டுக் காகிதமாவது கையில் இருக்கும்.

இப்படிக்கு,
மளிகை வணிகமும் கணக்கெழுத்தும் அறிந்த சிலர்,
நீடாமங்கலம்.